வேளாண் தொழில் லோகோவுக்குச் சக வடிவமைப்பாளர்களிடம் உருப்படியான கருத்து வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

லோகோவை வரைந்த சூட்டோடு நாலு பேருக்கு அனுப்பி "எப்படி இருக்கு?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பதை இப்போதே எழுதித் தந்துவிடலாம். "சூப்பர்." "பச்சையைக் கொஞ்சம் அடர்த்தியாக்கலாமே." "ஃபான்ட் என்னமோ இடிக்குது." இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு கோட்டைக்கூடத் திருத்த முடியாது. பதில் சொன்னவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கேள்வி அப்படி.

வேளாண் தொழில் என்றால் நிலைமை இன்னும் மோசம். எல்லாரும் இலை, சூரியன், பச்சை என்று ஒரே இடத்துக்கே போய்ச் சேர்வதால், பார்ப்பவருக்கும் சொல்லப் புதிதாக எதுவும் தோன்றாது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு படியைத் தாண்டினால் அடுத்த படியில் கிடைக்கும் பதில் கெட்டுப்போகும்.

1. ஐந்து வரிக் குறிப்பு எழுதுங்கள்

தொழில் என்ன விற்கிறது, யாருக்கு விற்கிறது, லோகோ பெரும்பாலும் எதன்மேல் வரும், எதை மாற்றவே முடியாது, வேலை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது. இந்த ஐந்துக்கும் ஆளுக்கொரு வரி போதும்.

புதியவர்கள் சறுக்குவது இரண்டாவது வரியில். "விவசாய நிறுவனம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். விதை விற்பவரிடம் வாங்குபவர் விவசாயி; அவருக்கு இது முளைக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். பண்ணையிலிருந்து நேராகக் காய்கறி விற்பவரிடம் வாங்குபவர் சமைக்கப்போகிறவர். அவர் பார்ப்பது புதுசா, சுத்தமா என்பதை. ஒரே நாற்றுப் படம் முதலாமவருக்கு விதையாகவும் அடுத்தவருக்குக் கீரையாகவும் தெரியும். யாருக்காக என்று நீங்கள் எழுதி வைக்காவிட்டால், கருத்துச் சொல்பவர் தன்னையே வாடிக்கையாளராக வைத்துக்கொண்டு பேசுவார்.

மாற்ற முடியாததை எழுதுவது நேரத்தை மிச்சப்படுத்தத்தான். தாத்தா காலத்து ஏர்க்கலப்பை கட்டாயம் வேண்டும் என்று உரிமையாளர் சொல்லியிருந்தால், "கலப்பை பழசா இருக்கே" என்று பத்து பேர் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அதைச் சொல்லிவிட்டால் அந்தப் பத்து பேரும் கலப்பையை எப்படி எளிதாக வரையலாம் என்று யோசிப்பார்கள்.

கட்டமும் அப்படித்தான். பென்சில் கோட்டில் இருப்பதற்குக் கருவைப் பற்றிய கருத்து வேண்டும். முடியும் தறுவாயில் இருப்பதற்கு இடைவெளி, வளைவு, கோட்டின் தடிமன் பற்றிய கருத்து வேண்டும். சொல்லாமல் விட்டால் இரண்டும் கலந்து வந்து குழப்பும்.

2. மற்றவர்களிடம் போகும் முன் நீங்களே சோதியுங்கள்

ஒருவர் உங்கள் லோகோவை முதல் தடவையாக ஒரே ஒரு முறைதான் பார்க்க முடியும். நீங்களே கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழைக்கு அந்த ஒரு பார்வையைச் செலவழிக்காதீர்கள்.

முதலில் நிறத்தை முழுக்க எடுத்துவிட்டுக் கருப்பில் பாருங்கள். நெய்த பிளாஸ்டிக் மூட்டைகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுத் தகடு தேவை; செலவைக் குறைக்க ஒற்றை நிறத்தில் அடிப்பது சகஜம். இரண்டு பச்சைகளின் வித்தியாசத்தில்தான் இலை தெரிகிறது என்றால், மூட்டையில் அது வெறும் கரும்புள்ளி. மெல்லிய நரம்புக் கோடுகளும் அந்த நெசவின் மேல் அடைந்துபோகும்.

அடுத்து, சின்னதாக்கிப் பாருங்கள். உலாவியின் தாவலில் வரும் படம் 16 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம். அந்த அளவில் முழு லோகோவும் தெரிய வேண்டியதில்லை, அதன் ஒரு பகுதியாவது தனியாக நிற்க வேண்டும்.

அப்புறம் அச்சடித்துச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். திரையில் பளிச்சென்று இருந்த இளம்பச்சை தாளில் மங்கிப்போயிருந்தால் பிரின்டரைத் திட்ட வேண்டாம். திரை ஒளியைக் கலந்து காட்டும் சில பச்சைகளை நான்கு மைகளைக் கலந்து கொண்டுவர முடியாது. கோப்பை சிஎம்ஒய்கேவுக்கு, அதாவது அந்த நான்கு மை நிறமுறைக்கு, மாற்றிப் பார்த்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தகட்டில் வெட்டி மருந்தடிக்கும் டிரம் மேலோ பெட்டி மேலோ பெயின்ட் தெளிக்கப்போகிறார்கள் என்றால் இன்னொரு சோதனை உண்டு. எழுத்தின் சுழிக்குள் அடைபட்டிருக்கும் வெள்ளைப் பகுதியைத் தகட்டோடு இணைக்கும் பாலம் இல்லாவிட்டால் அந்தத் துண்டு கழன்று விழுந்துவிடும்.

சிவப்புப் பழமும் பச்சை இலையும் சேர்ந்த லோகோவா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள் ஆண்களில் கணிசம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவர். சாம்பல் நிறத்தில் பார்க்கும்போது பழமும் இலையும் ஒரே அழுத்தத்தில் தெரிந்தால், ஒன்றை அடர்த்தியாக்கி மற்றதை வெளிர வையுங்கள்.

பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் கொம்பும் காலும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றனவா என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சில வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால், ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடும். வரைந்தவர் கண் பழகிவிடுவதால் இது அவருக்குத் தெரியாது.

3. காட்டும் தாளைத் தயார் செய்யுங்கள்

ஒரே ஒரு பக்கம். மேலே லோகோ கருப்பில், அதன் கீழே நிறத்தில், அதற்கும் கீழே பெரும்பாலும் எதன்மேல் வருமோ அந்தப் பொருளின்மேல். நிறத்தைப் பின்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நிறம் கண்ணில் பட்ட நொடியே பேச்சு நிறத்தைப் பற்றியதாகிவிடும், வடிவத்துக்குத் திரும்பி வரவே வராது.

பொருளைக் காட்டும் படத்தில் நேர்மை வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பளபளப்பான மாதிரிப் படங்களில் எந்த லோகோவும் அழகாகத்தான் இருக்கும். கசங்கிய மூட்டை, சேறு தெறித்த வண்டிக் கதவு, வெயிலில் கிடக்கும் பலகை, இப்படி ஒன்றை நீங்களே செல்பேசியில் படமெடுத்து அதன்மேல் வைத்துக் காட்டுங்கள்.

மாற்று வடிவங்கள் இருந்தால் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆறு காட்டினால் "முதலாவதின் இலையும் நாலாவதின் எழுத்தும்" என்று அவியல் செய்யத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் வரிசையை மாற்றிக் காட்டுங்கள், ஏனென்றால் முதலில் பார்த்தது மற்றவற்றுக்கு அளவுகோலாகிவிடும்.

பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். 1, 2, 3 என்று போட்டால் முதலிடம், இரண்டாமிடம் என்ற தொனி வந்துவிடும். 4, 7, 9 என்று ஏதாவது போடுங்கள். கோப்பின் பெயரில் "நாற்று" என்றோ "இறுதி" என்றோ இருக்கவே கூடாது. "நாற்று" என்று படித்தவருக்கு நாற்றுதான் தெரியும். "இறுதி" என்று படித்தவர் இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவார். நான் இதை ஒரு தடவை கோட்டைவிட்டேன். ஏழு பேரும் "விதை நல்லா தெரியுது" என்றார்கள். அப்புறம்தான் கோப்பின் பெயரே "விதை_3" என்று இருந்ததைக் கவனித்தேன். அந்த ஏழு பதில்களும் வீண்.

எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிவிட்டுப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள், அவர்கள் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் உருக்குலையாது. வாட்ஸ்அப்பில் என்றால் படமாக இல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் அது சுருக்கப்பட்டு ஓரங்கள் கலங்கிவிடும், அதற்கும் சேர்த்து ஒரு விமர்சனம் வரும்.

4. யாரிடம் கேட்பது

மூன்று வகை ஆட்கள் தேவை, மூவரிடமும் கேட்பது வேறு வேறு.

சக வடிவமைப்பாளர்களிடம் வடிவம், சமநிலை, இடைவெளி, வேறெங்காவது பார்த்த சாயல் ஆகியவற்றைக் கேளுங்கள். மூன்று நான்கு பேர் போதும், அதற்குமேல் சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். அவர்களில் ஒருவராவது வேளாண் தொழிலுக்கு வேலை செய்யாதவராக இருப்பது நல்லது. பழகிய கண் இலையைத் தேடிக் கண்டுபிடித்துவிடும், பழகாத கண் இருப்பதைப் பார்க்கும்.

அச்சகத்தில் இயந்திரத்தின் அருகில் நிற்பவர், தொப்பியில் தையல் போடுபவர், பலகை எழுதுபவர் என்று லோகோவைக் கையால் உருவாக்கப்போகிறவர்களில் ஒருவரிடம் காட்டுங்கள். அழகைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டாம். "இதில் எது தகராறு பண்ணும்?" என்ற ஒரே கேள்வி போதும். தையலில் 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த எழுத்து நூலில் கரைந்துபோகும் என்பதை எந்த டிசைனரும் எனக்குச் சொல்லவில்லை. தையல்காரர் சொன்னார்.

மூன்றாவது, பொருளை வாங்கப்போகிறவர் போன்ற ஒருவர். அவரிடம் அபிப்பிராயம் கேட்காதீர்கள். அவருக்கு என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள்.

வீட்டாரையும் உரிமையாளரின் உறவினர்களையும் விட்டுவிடுங்கள். ஒரு தரப்பு உங்கள் மனம் கோணாமல் பேசும், மறுதரப்பு உரிமையாளரின் மனம் கோணாமல் பேசும்.

5. கேள்விகளின் வரிசை

இதுதான் முழு வேலையின் மையம். பார்த்ததை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், நினைப்பதைப் பின்னால் வாங்குங்கள். வரிசை மாறினால் திரும்ப எடுக்க முடியாது. குறிப்பைப் படித்துவிட்ட ஒருவரால், படிக்காத கண்ணோடு மறுபடி பார்க்க முடியாதே.

முதலில், எதுவும் சொல்லாமல் கருப்பு வடிவத்தை மட்டும் ஐந்து விநாடி காட்டி மறைத்துவிடுங்கள். "என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் "சொட்டு" என்றால் "நீர்த்துளி" என்று நீங்கள் திருத்தி எழுதக் கூடாது, அது எண்ணெய்ச் சொட்டாகவும் இருக்கலாம். பாசன நிறுவனத்துக்கு நான் வரைந்த ஒரு துளியை மூன்று பேர் எண்ணெய் என்றார்கள். மஞ்சள் கலந்த பச்சை போட்டிருந்தது காரணமாக இருக்கும் என்று நினைத்தேன். கருப்பில் காட்டியபோதும் எண்ணெய் என்றுதான் சொன்னார்கள். வடிவமே கனமாக, வழிகிற மாதிரி இருந்திருக்கிறது. கருப்பில் கேட்காமல் விட்டிருந்தால் நிறத்தை மாற்றி மாற்றியே ஒரு வாரம் போயிருக்கும்.

இரண்டாவது, "பார்த்ததைக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள்." அழகாக வரைய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எதை விட்டுவிட்டு வரைகிறாரோ அது கண்ணில் படவில்லை என்று அர்த்தம். சூரியக் கதிர் ஏழையும் யாரும் வரையாவிட்டால் அந்த ஏழும் தேவையா என்று யோசியுங்கள்.

மூன்றாவது, "இந்த நிறுவனம் என்ன விற்கும்? யாருக்கு?" பதில் உங்கள் குறிப்போடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டியதில்லை. உரம் விற்பவருக்கு "செடி சம்பந்தமா ஏதோ" என்று வந்தால் பரவாயில்லை. "மூலிகை மருந்து", "யோகா வகுப்பு" என்று வந்தால்தான் கவலைப்பட வேண்டும். இரண்டு இலையும் ஒரு வட்டமும் சேர்ந்தால் இந்தப் பதில்கள் அடிக்கடி வரும்.

நான்காவதாக மட்டுமே குறிப்பைப் படிக்கக் கொடுங்கள். படித்தபின், "இந்த வேலைக்கு இதில் எது உதவுகிறது, எது இடையூறு செய்கிறது?" என்று கேளுங்கள். "பிடித்திருக்கிறதா?" என்பதை இங்கேயும் கேட்க வேண்டாம்.

கடைசியாக, உங்களை உறுத்துகிற ஓரிரு இடங்களைக் குறிப்பாகக் கேளுங்கள். "படத்துக்கும் பெயருக்கும் இடையே இருக்கும் இடைவெளி எப்படி?" என்பது சரியான கேள்வி. "இடைவெளி அதிகமா இருக்கோ?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும்.

6. பதில் வரும்போது பேசாமல் இருங்கள்

"அது இலை இல்லீங்க, தீச்சுடரும் இலையும் சேர்ந்தது" என்று ஒரு வார்த்தை விளக்கினாலும் அதோடு அந்தச் சோதனை முடிந்தது. அவர் மரியாதைக்காக "ஓ, இப்ப தெரியுது" என்பார். மூட்டையின் பக்கத்தில் நின்று நீங்கள் விளக்கப்போவதில்லை. நீங்கள் பேசலாம், ஆனால் "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்பதற்குமேல் வேண்டாம்.

தனித்தனியாகக் கேளுங்கள். குழுவில் முதலில் பேசுபவர், அதிலும் மூத்தவர், "பச்சை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் பச்சையைப் பற்றியே பேசுவார்கள். குழுவில்தான் கேட்க முடியும் என்றால், ஆளுக்கொரு தாளில் எழுதி முடித்தபிறகு பேச்சைத் தொடங்குங்கள்.

7. வந்ததைப் பிரியுங்கள்

மூன்று குவியல். பார்த்தது, பிடித்தது, செய்யச் சொன்னது.

"இறகு மாதிரி தெரியுது" என்பது பார்த்தது. சம்பந்தமில்லாத இரண்டு பேர் தனித்தனியாக இதையே சொன்னால் அது பிழை, விவாதம் வேண்டாம், திருத்துங்கள். "எனக்குப் பச்சையே பிடிக்காது" என்பது பிடித்தது. ஒரு ஓரமாக வைத்துவிடலாம்.

மூன்றாவது குவியலைத்தான் பலர் தவறாகக் கையாள்கிறார்கள். "எழுத்தைப் பெரிசாக்கு", "வட்டத்தை எடுத்துடு" என்று வருபவை எல்லாம் தீர்வுகள். அவற்றை அப்படியே செய்யாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். எந்தச் சிக்கலுக்கு இந்தத் தீர்வைச் சொல்கிறார் என்று பின்னோக்கிப் போங்கள். "எழுத்தைப் பெரிசாக்கு" என்றால் பெயர் படிக்க முடியவில்லை என்று பொருள். எழுத்து போதுமான அளவில்தான் இருக்கும். மேலே இருக்கும் படம் கண்ணை முழுசாக இழுத்துக்கொண்டிருக்கும். படத்தின் கோட்டை மெலிதாக்கினாலே சரியாகிவிடலாம்.

எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணி வாக்கெடுப்பு மாதிரி முடிவெடுக்காதீர்கள். அச்சகக்காரர் ஒருவர் மட்டும் "இந்த இரண்டு நிறமும் ஒட்டி நிற்காது, நடுவில் வெள்ளை தெரியும்" என்றால், மற்ற ஆறு பேர் அமைதியாக இருந்தாலும் அவர் சொன்னதுதான் முக்கியம்.

8. வேளாண் லோகோவில் தனியாகப் பார்க்க வேண்டியவை

தாவரவியல் பிழை. முளைவிட்ட இரண்டு இலை என்பது பயறு, பருத்தி போன்ற இருவித்திலைத் தாவரங்களுக்குச் சரி. மக்காச்சோளமும் நெல்லும் ஒருவித்திலைத் தாவரங்கள், அவை ஊசி போல ஒற்றையாகக் கிளம்பும். மக்காச்சோள விதை நிறுவனத்துக்கு இரட்டை இலை போட்டால் டிசைனர்கள் எல்லாரும் பாராட்டுவார்கள், விவசாயி சிரிப்பார். அதேபோல் விளைந்த நெற்கதிர் தலைகுனிந்து வளையும். நிமிர்ந்து நிற்கும் கதிரை வரைந்தால் கோதுமை என்றுதான் படிப்பார்கள். மூன்றாம் வகை ஆளிடம் கட்டாயம் கேட்கச் சொன்னது இதற்காகவும்தான்.

வெயில். அச்சில் பச்சை என்பது சியானும் மஞ்சளும் சேர்ந்தது. வெளியில் கிடக்கும் அச்சில் மஞ்சள் சீக்கிரம் மங்கும், சியான் தாக்குப்பிடிக்கும். பழைய சுவரொட்டிகள் நீலம் பாரித்துக் கிடப்பது இதனால்தான். உங்கள் லோகோவில் மஞ்சளைக் குறைத்து நீலப்பச்சையாக ஒரு பிரதி எடுத்துத் தாளில் சேர்த்துக் காட்டுங்கள். அப்போதும் அது அதே நிறுவனமாகத் தெரிகிறதா?

சான்று முத்திரையின் சாயல். வட்டத்துக்குள் இலை, சுற்றி எழுத்து என்று வரைந்தால் அது இயற்கை வேளாண்மைச் சான்று போலத் தோன்றும். ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல் பயன்படுத்தும் சின்னம் பச்சைப் பின்னணியில் 12 வெள்ளை நட்சத்திரங்கள் இலை வடிவில் நிற்பது. சான்று வாங்காத பொருளின்மேல் அந்தச் சாயலில் ஏதாவது இருந்தால் அழகு பற்றிய பேச்சோடு முடியாது, சட்டச் சிக்கலாகும். "இதைப் பார்த்தால் லோகோவா, சான்றா?" என்று நேரடியாகவே கேட்டுவிடலாம்.

9. "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு"

இப்படி ஒருவர் சொன்னால் புண்படாதீர்கள். மொத்தச் சுற்றிலும் உங்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தும் பதில் இதுவாகத்தான் இருக்கும். எங்கே என்று கேளுங்கள். நினைவில்லை என்றாலும் தேடுங்கள்.

உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உலகளாவிய வணிகக்குறித் தரவுத்தளத்தில் படத்தைக் கொடுத்தே ஒத்த சின்னங்களைத் தேடலாம், கட்டணம் இல்லை. அங்கே பொருள்களும் சேவைகளும், வணிகக்குறிப் பதிவுக்கான சர்வதேச நீஸ் வகைப்பாட்டின்படி 45 வகுப்புகளாக இருக்கின்றன. விதை, பதப்படுத்தாத விளைபொருள் 31-ஆம் வகுப்பு. உரம் 1, பூச்சிக்கொல்லி 5, வேளாண் இயந்திரம் 7, வேளாண் சேவை 44. உரிமையாளர் இன்று விதை மட்டும் விற்கிறார், நாளை உரமும் விற்கலாம் என்றால் இரண்டு வகுப்பிலும் பார்த்துவிடுங்கள்.

வடிவம் வேறாக இருந்தாலும் நிறம் மாட்டிவிடும். 2017-இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, வேறொரு வேளாண் கருவி நிறுவனம் பச்சையையும் மஞ்சளையும் சேர்த்துப் பயன்படுத்தியது டிராக்டர் நிறுவனமான ஜான் டீயரின் வணிகக்குறி உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. டிராக்டர் கருவி விற்பவருக்கு லோகோ செய்தால் அந்த இரண்டு நிறங்களையும் சேர்த்துத் தொடாமல் இருப்பது நல்லது.

முதல் சுற்று முடிந்ததும் இதைச் செய்யுங்கள். திருத்தி மெருகேற்றியபின் தேடி, அப்போது ஒத்த சின்னம் கிடைத்தால் அந்த உழைப்பு முழுக்கப் போச்சு.

10. இரண்டாம் சுற்று

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் எது பலன் தந்தது என்று தெரியாது. முதலில் "இறகு", "எண்ணெய்" போன்ற அடையாளக் குழப்பங்களை மட்டும் திருத்துங்கள். எழுத்து, நிறம், இடைவெளி எல்லாம் அது சரியானபிறகு.

ஐந்து விநாடிக் கேள்விக்குப் புது ஆட்கள் வேண்டும். பழையவர்களுக்கு விடை தெரிந்துவிட்டது. பழையவர்களிடம் முந்தைய வடிவத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர்கள் சொன்ன சிக்கல் தீர்ந்ததா என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொன்னதில் எதை எடுத்துக்கொண்டீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் அடுத்த வேலைக்கும் நேரம் ஒதுக்குவார்கள்.

சுற்று இரண்டோடு பெரும்பாலும் போதும். மூன்றாவதில் ரசனை பற்றிய பேச்சு மட்டுமே மிஞ்சினால் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகும் யாராவது இறகு என்று சொன்னால் கருவிலேயே கோளாறு, பென்சிலுக்குத் திரும்ப வேண்டும்.

உரிமையாளரிடம் போகும்போது எல்லாருடைய கருத்தையும் கட்டாகக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அவர் அதில் தனக்குப் பிடித்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். கருப்பு வடிவம், நிற வடிவம், புதிதாகப் பார்த்தவர்கள் சொன்ன வார்த்தைகள், இவை போதும். கூடவே, ஒரே ஒரு மூட்டையிலாவது நிஜமாக அச்சடித்துக் கையில் எடுத்துப் போங்கள்.